கசாப்புக்காரர் மகளின் ஆய்வகம்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவை நடத்துகிறோமோ, அந்த ஆசிரியர் எங்களுக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர். ஆதிதிராவிடர் நலப் பள்ளி. ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது. அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. சாவி தலைமையாசிரியரிடம். இதயத்தின் நான்கு அறைகளை நடத்த வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சார் எங்களில் ஒருவனைக் கூப்பிட்டு, "உங்க அப்பாகிட்ட ஒரு ஆட்டு இதயம் கேட்டு வாங்கிட்டு வாப்பா" என்றார். அவன் அப்பா சந்தையில் கறிக்கடை வைத்திருந்தார். மறுநாள் இலையில் பொதிந்து இதயம் வந்தது. சார் பிளேடை எடுத்துத் தயங்கியபோது அந்தப் பையன்தான், "இப்படிப் போட்டா கிழிஞ்சுரும் சார், இங்க போடுங்க" என்று காட்டினான். வால்வுகள் கிழியாமல் வந்தன. நாங்கள் எல்லோரும் விரல் விட்டுப் பார்த்தோம். மதியம் தலைமையாசிரியர் வந்து அந்த மேசையை வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். கழுவியதும் நாங்கள்தான்.

அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. அப்பாவோடு கடையில் நின்றான். ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் அன்று கேட்கவில்லை.

இந்த ஆண்டு சொற்பொழிவுக்கு என்ன பொருள் எடுப்பது என்று பேசியபோது, நம் தலைவர்களில் ஒருவரைப் பற்றியோ நம் எழுத்தாளர்களில் ஒருவரைப் பற்றியோதான் பேச வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் நாங்கள் ஓர் ஹங்கேரிக்காரப் பெண்மணியின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். உயிரிவேதியியல் படித்தவர். மூன்று நாடுகளில் ஆய்வு செய்தவர். 2023ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர். பெயர் கத்தலின் கரிகோ. அவர் ஒரு கசாப்புக்காரரின் மகள். இதை அவர் மறைக்கவில்லை. பெருமை பேசவும் இல்லை. தன் அறிவியல் எங்கே தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு, அப்பா பன்றியை அறுத்துப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறார். அந்த இடத்தில்தான் நாங்கள் நின்றுவிட்டோம்.

கரிகோ 1955 ஜனவரி 17 அன்று சோல்னோக் நகரில் பிறந்தார். வளர்ந்தது கிஷூய்சாலாஷ் என்னும் சிற்றூரில். ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில் இருக்கும் விவசாய ஊர். சின்ன வீடு. குழாய்த் தண்ணீர் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை. ரம்பத்தூள் போட்டு எரிக்கும் அடுப்பு இருக்கும் ஓர் அறைதான் குளிர்காலத்தில் சூடாக இருக்கும். குடும்பம் முழுவதும் அதில்தான். அம்மா கணக்கு எழுதும் வேலை பார்த்தார். அப்பா யானோஷ் கசாப்புக்காரர். 1956இல் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு நடந்த பழிவாங்கலில் அவருக்கு அந்த வேலை போயிற்று. கிடைத்த வேலைகளைச் செய்தார். ஆனால் கத்தியைப் பிடிக்கத் தெரிந்தவர் ஊரில் தேவைப்பட்டார். பன்றி அறுக்கும் நாளில் எது நுரையீரல், எது கல்லீரல், குடல் எவ்வளவு நீளம் என்று மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் கசாப்பு ஒரு தொழில். யானோஷ் கரிகோ வேலையை இழந்தது அரசியலால். பிறப்பால் அல்ல. அவர் தொட்ட மேசையை யாரும் கழுவவில்லை. அவர் மகள் எட்டாம் வகுப்பில் நாடு தழுவிய உயிரியல் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றபோது, கறிக்கடைக்காரன் பெண்ணுக்கு இது எப்படி வந்தது என்று ஆச்சரியப்படவும் யாருக்கும் தோன்றவில்லை. அவர் கண்ணும் கையும் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் பள்ளிக்கூடம் அறிவு என்றே எடுத்துக்கொண்டது. நம் சந்தையில் நின்ற பையனிடம் இருந்ததும் அதே அறிவுதான்.

ஆனால் அந்த நாட்டை நாம் சொர்க்கமாக்கிவிடவும் கூடாது. கரிகோவை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசைக்கும் கடிவாளம் வேண்டும். ஹங்கேரியில் நம்முடைய இடத்தில் இருப்பவர்கள் ரோமா மக்கள். கரிகோ பள்ளிக்குப் போன அதே காலத்திலும், அதற்குப் பின்னும், ரோமா பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மூளைவளர்ச்சி குறைந்தவர்களுக்கான பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊர்க்கோடியில் தனியே வாழவைக்கப்பட்டார்கள். அந்த மக்களில் சிலர் நாம் படித்த புத்தகங்களைத் தாமும் படித்து, பாபாசாகேப் அம்பேத்கரைத் தங்களுக்கும் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார்கள். வடகிழக்கு ஹங்கேரியில் ஷயோகாசா என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜெய்பீம் என்ற பெயரில் ஓர் அமைப்பு இயங்குகிறது. 2007இல் அவர்கள் தொடங்கிய பள்ளியின் பெயர் டாக்டர் அம்பேத்கர் பள்ளி. படிப்பை விட்டுப்போன ரோமா இளைஞர்களை மேல்நிலைத் தேர்வுக்குத் தயார்செய்யும் பள்ளி அது. கரிகோவின் கதையைச் சொல்லும்போது இந்தப் பள்ளியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஒரு கசாப்புக்காரர் மகளுக்குத் திறந்த கதவு அந்த நாட்டிலேயே இன்னொரு கூட்டத்துக்குத் திறக்கவில்லை.

திறந்த கதவு எது? இலவசக் கல்வி. சோசலிச அரசின் தொடக்க ஆண்டுகளில் தொழிலாளி, விவசாயி பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கணக்குவைத்து இடம் கொடுத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஒதுக்கீடு கைவிடப்பட்டது. கரிகோ அதற்குப் பின் வந்தவர். ஆனால் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோகும் நிலை அவருக்கு வரவில்லை. செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் 1978இல் உயிரியலில் பட்டம், 1982இல் உயிரிவேதியியலில் முனைவர் பட்டம். செகெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி அங்கே பேராசிரியராக இருந்தபோதுதான் 1937இல் நோபல் பரிசு பெற்றார்.

செகெட்டில் அறிவியல் கழகத்தின் உயிரியல் ஆய்வு மையத்தில் கரிகோ முதலில் கொழுப்புப் பொருட்களில் வேலை பார்த்தார். சின்னஞ்சிறு கொழுப்புக் குமிழிகளுக்குள் மரபுப்பொருளை அடைத்து உயிரணுவுக்குள் அனுப்புவது எப்படி என்பது அங்கே ஒரு கேள்வி. அதன்பின் ஆர்என்ஏ வேதியியல் கூடத்துக்கு மாறினார். கொழுப்பு, ஆர்என்ஏ இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டு கழித்து இரண்டும் ஒரே ஊசிக்குள் வந்து சேர்ந்தன.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1978இல் ஹங்கேரி ரகசிய போலீஸ் அவரைத் தங்கள் தகவலாளியாகப் பெயர் எழுதிக்கொண்டது. 2021இல் அந்தக் கோப்பு வெளியே வந்து பத்திரிகைகளில் அடிபட்டது. அப்பாவின் பழைய விவகாரத்தைக் காட்டி மிரட்டினார்கள், மறுத்தால் ஆய்வு வேலை போய்விடும் என்றார்கள், பயந்து கையெழுத்திட்டேன், ஒரு தகவலும் கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார். நாங்கள் அதை நம்புகிறோம். அப்பாவின் பெயரைச் சொல்லிப் பிள்ளையைப் பணியவைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல.

1985இல் அவருக்கு முப்பது வயது. கூடத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது, வேலை போயிற்று. ஐரோப்பாவில் இடம் தேடிக் கிடைக்காமல், அமெரிக்காவில் பிலடெல்பியா நகர டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர்பட்ட மேலாய்வு இடம் கிடைத்தது. கணவர் பேலா பிரான்சியா, இரண்டு வயது மகள் சூசன், மூன்று பேரும் கிளம்பினார்கள். நாட்டைவிட்டுக் கொண்டுபோக அரசு அனுமதித்த பணம் மிகச் சொற்பம். லாடா காரை விற்றுக் கள்ளச்சந்தையில் மாற்றிய சுமார் 900 பவுண்டை மகளின் கரடிபொம்மைக்குள் வைத்துத் தைத்து எடுத்துப்போனார்கள். இந்தக் கரடிபொம்மைக் கதையை உலகப் பத்திரிகைகள் எல்லாம் ரசித்து எழுதிவிட்டன. நமக்கு அதில் ரசிக்க அதிகம் இல்லை. ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு ஒரு பொம்மைக்குள் அடங்கியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அவருடைய நிலை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது மூன்றே ஆண்டில் தெரிந்தது. 1988இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நல்ல வேலை வந்தது. டெம்பிளில் அவருக்கு மேலே இருந்தவர், போனால் உன்னை நாடு கடத்த ஏற்பாடு செய்வேன் என்று மிரட்டியதாகக் கரிகோ எழுதியிருக்கிறார். ஹாப்கின்ஸ் இடம் கைநழுவியது. விசா என்பது காகிதத்தில் அரசு கொடுப்பது. நடைமுறையில் அது மேலதிகாரியின் சட்டைப்பையில் இருக்கிறது. அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதிய சிறு நூலுக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பெயர் வைத்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கல்வி கொடுத்த தகுதியை உள்ளூர் விடுதி ஏற்கவில்லை.

மேரிலாண்டில் பெதஸ்டாவில் உள்ள ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு. பிறகு 1989இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். எலியட் பர்னாதன் என்ற இதயநோய் மருத்துவர் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். பதவியின் பெயர் ஆராய்ச்சி உதவிப் பேராசிரியர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். நிரந்தரமில்லாத பதவி. வெளியிலிருந்து ஆய்வு நிதி வாங்கிவந்தால்தான் மேலே போகலாம். அவருடைய ஆண்டுச் சம்பளம் அறுபதாயிரம் டாலரைத் தாண்டியதே இல்லை.

அவர் கையில் எடுத்த பொருளைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் உயிரணுவின் கருவுக்குள் டிஎன்ஏ இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய புரதங்களின் செய்முறை எல்லாம் அதில். ஆனால் புரதம் தயாராவது கருவுக்கு வெளியே. அங்கிருந்து இங்கே செய்முறையைப் படியெடுத்துக் கொண்டுவரும் ஆள் வேண்டும். அதுதான் தூது ஆர்என்ஏ. எம்ஆர்என்ஏ என்கிறோம். வேலை முடிந்ததும் சிதைந்து போய்விடும். இந்தத் தூதனை ஆய்வகத்தில் தயாரித்து உடம்புக்குள் அனுப்பினால், நமக்கு வேண்டிய புரதத்தை உடம்பே தயாரித்துக்கொள்ளுமே என்பது கரிகோவின் எண்ணம். மரபணுவைத் தொட வேண்டாம். நிரந்தர மாற்றம் இல்லை. கேட்க எளிது. ஆனால் ஆர்என்ஏ தொட்டால் சிதைவது. விரலில் இருக்கும் நொதியே அதைத் தின்றுவிடும். விலங்குகளுக்குச் செலுத்தினால் வீக்கம் கண்டது. அதனால் துறையில் இருந்தவர்கள் டிஎன்ஏ பக்கம் போய்விட்டார்கள். நிதியும் அங்கேதான் போயிற்று.

1990இல் எம்ஆர்என்ஏ சிகிச்சைக்காக முதல் நிதி விண்ணப்பம் எழுதினார். நிராகரிப்பு. அடுத்தது நிராகரிப்பு. அதற்கடுத்ததும். 1995இல் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கியது. பேராசிரியர் வரிசையிலிருந்தே இறக்கம். அதே நாட்களில் அவருக்குப் புற்றுநோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் மருத்துவப் பரிசோதனை. கணவரோ விசாச் சிக்கலில் ஹங்கேரியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் விட்டுப் போகவில்லை? போக இடமில்லை என்பது ஒரு காரணம். பணியாளர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு, மகள் அங்கே படிக்க வேண்டும் என்பது இன்னொன்று. சூசன் அங்கேதான் படித்தார். துடுப்புப் படகுப் போட்டியில் 2008, 2012 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றார். மேலான காரணம், சோதனை முடிவுகள் அவருக்குச் சொன்னவை. பர்னாதனோடு சேர்ந்து ஒரு முறை எம்ஆர்என்ஏ செலுத்திய உயிரணுக்கள் புதிய புரதத்தைத் தயாரித்ததைக் கண்டிருந்தார். விஷயம் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது நாங்கள் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறோம். 1997இல் பர்னாதன் மருந்து நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டார். கரிகோவுக்கு மேசையும் இல்லை, சம்பளமும் இல்லை என்ற நிலை. டேவிட் லாங்கர் என்ற இளம் மருத்துவர் முன்பு மாணவராக அவரோடு வேலை செய்தவர். அவர் தன் நரம்பு அறுவைத் துறைத் தலைவரிடம் போய் நச்சரித்து, ஒரு மூலையில் இடமும் சம்பளமும் வாங்கிக்கொடுத்தார். அதே காலத்தில் ட்ரூ வைஸ்மேன் என்ற நோயெதிர்ப்பு ஆய்வாளர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கட்டுரைகளைப் படியெடுக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன்னால் இருவருக்கும் அறிமுகம். அவருக்குத் தடுப்பூசி வேண்டும், இவரிடம் எம்ஆர்என்ஏ இருந்தது. பதவியில் அவர் மேலே, இவர் கீழே. அதை அவர் பார்க்கவில்லை.

பர்னாதன், லாங்கர், வைஸ்மேன். நிறுவனம் கரிகோவைத் தகுதியில்லாதவர் என்று எழுதிவைத்தது. இந்த மூன்று பேரும், ஒவ்வொருவரும் தன் கைக்கெட்டிய அளவில், ஒரு பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். மேதைமை என்றாவது வெல்லும் என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த மூன்று பேரை அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறார்கள். 1997இல் லாங்கர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்?

அந்தக் கேள்விக்கு நமக்கு விடை தெரியும். சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு மாணவர் 2007இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்தில் பிறந்தவர். பெயர் சொல்லாமலே இந்த அரங்கில் பலருக்குத் தெரியும். ஆய்வுக்கு ஒரு வழிகாட்டியை ஒதுக்க வேண்டும். அவருக்குக் கடைசிவரை ஒதுக்கப்படவில்லை. ஒரு பாடத்தில் தேர்ச்சி இல்லை என்று உதவித்தொகையும் நின்றது. அந்தத் தொகையிலிருந்துதான் வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் அவர் உயிரை விட்டார். பன்றி அறுப்பவரின் மகள் செகெட்டில் நுழைந்தார், பன்றி வளர்ப்பவரின் மகன் ஹைதராபாத்தில் நுழைந்தார். இருவரும் நுழைவுத் தகுதி பெற்றவர்கள்தான். உள்ளே போனபின் ஒருவருக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். இன்னொருவருக்கு விதிப்படி கிடைக்க வேண்டிய ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இடஒதுக்கீடு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. வாசலுக்கு உள்ளே ஒரு மேசை, ஒரு வழிகாட்டி, மாதம் தவறாத ஒரு தொகை, இவை யாருடைய கையில் இருக்கின்றன என்ற கேள்வியை நாம் இன்னும் உரத்துக் கேட்கவில்லை என்றே எங்களுக்குப் படுகிறது.

கடல் கடப்பதும் அப்படித்தான். பட்டியல் சாதி மாணவர்களுக்கு நடுவண் அரசு தரும் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஐம்பதுகளிலிருந்து இருக்கிறது. இந்தப் பெரிய நாட்டுக்கு ஆண்டுக்கு 125 இடம். 2022இல் அதன் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குக் கிடையாது என்றார்கள். உயிரித்தொழில்நுட்பம் படிக்கலாம். சாதியைப் பற்றிப் படிக்க வெளிநாடு போகக் கூடாது. நம் பிள்ளைகள் இரண்டையும் படிக்க வேண்டும் என்பவர்கள் நாங்கள்.

பென்சில்வேனியாவுக்குத் திரும்புவோம். எம்ஆர்என்ஏ ஏன் வீக்கம் உண்டாக்குகிறது என்று கரிகோவும் வைஸ்மேனும் தேடினார்கள். ஒவ்வொரு வகை ஆர்என்ஏவாகச் சோதித்ததில், கடத்து ஆர்என்ஏ என்ற வகை மட்டும் உடம்பைச் சீண்டவில்லை. அதன் எழுத்துகளில் பல இயற்கையாகவே சற்று உருமாறியவை. உடம்பின் காவல் அமைப்பு உருமாறாத ஆர்என்ஏவைப் பார்த்தால் வைரஸ் வந்துவிட்டது என்று கூச்சலிடுகிறது. உருமாறியதை விட்டுவிடுகிறது. அப்படியானால் எம்ஆர்என்ஏவிலும் ஓர் எழுத்தை மாற்றினால்? யூரிடின் என்ற எழுத்துக்குப் பதில் சூடோயூரிடினை வைத்தார்கள். வீக்கம் அடங்கியது. பின்னால் பார்த்தபோது புரத உற்பத்தியும் பல மடங்கு கூடியிருந்தது.

‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார்கள். ஒரே நாளில் திரும்பியது. சிறு அளவில் கூடுதலான பங்களிப்பு மட்டுமே என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்கு அவர்கள் போட்டிருந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டியிருந்தது என்று கரிகோ பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னார். 2005இல் ‘இம்யூனிட்டி’ இதழில் கட்டுரை வந்தது. இனி தொலைபேசி ஓயாது என்று வைஸ்மேன் சொன்னாராம். ஒரு மணியும் அடிக்கவில்லை.

காப்புரிமை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். இருவரும் சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கி அந்த உரிமையைக் கேட்டபோது பேரம் படியவில்லை. பல்கலைக்கழகம் அதை வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. அதனிடமிருந்துதான் பிற்பாடு மாடர்னாவும் பயோஎன்டெக்கும் உரிமம் வாங்கின. பதவியிறக்கப்பட்டவரின் கண்டுபிடிப்பு, பதவியிறக்கிய நிறுவனத்துக்குப் பெரும் செல்வமாகத் திரும்பிவந்தது.

2013இல் இன்னொரு நாள். வெளியூரிலிருந்து திரும்பியவர் தன் ஆய்வகச் சாமான்கள் நடைபாதையில் கிடப்பதைப் பார்த்தார். அந்த இடம் வேறொருவருக்கு. ஒரு சதுர அடிக்கு எத்தனை டாலர் கொண்டுவருகிறீர்கள் என்பதே அங்கே அளவுகோலாக இருந்தது. ஜெர்மனியில் பயோஎன்டெக் கூப்பிடுகிறது என்று சொன்னபோது, அதற்கு ஒரு இணையதளம்கூடக் கிடையாதே என்று சிரித்தார்கள். மைன்ஸ் நகரில் இருந்த அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் உகுர் ஷாகின், ஓஸ்லெம் துரெசி. இருவருமே துருக்கியக் குடியேறிகளின் பிள்ளைகள். ஷாகினின் அப்பா கொலோன் நகர ஃபோர்டு கார் ஆலையில் வேலை பார்த்தவர். 58 வயதில், கணவரைப் பிலடெல்பியாவில் விட்டுவிட்டு, கரிகோ தனியே மைன்ஸுக்குப் போய் வாடகை வீட்டில் குடியேறினார்.

2020இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கொழுப்பு நுண்குமிழிக்குள் வைத்த, எழுத்து மாற்றிய எம்ஆர்என்ஏ. நவம்பர் 8ஆம் தேதி இரவு, தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்ற செய்தி வந்தபோது, ஒரு பெட்டி சாக்லேட் வேர்க்கடலையைத் தனியாகத் தின்று கொண்டாடினாராம்.

அந்த ஊசி நம் கைகளில் பெரும்பாலும் ஏறவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் அவசர அனுமதி கேட்டிருந்த ஃபைசர், 2021 பிப்ரவரியில் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து அது. நமக்கு வந்தவை கோவிஷீல்டும் கோவாக்சினும். புனேயில் தயாரான எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு 2022இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் நாம் புதைக்க வேண்டியவர்களைப் புதைத்திருந்தோம். 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் முதல் ஊசி போடப்பட்டது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவருக்கு. நாடெங்கும் அந்தப் படம் வந்தது. பெருமையாகச் சொன்னார்கள். அதே மருத்துவமனையில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரித்த தோரட் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை. துடைப்பம் பிடித்த கைக்கு முதல் ஊசி கிடைத்தது. அந்தக் கை நுண்ணோக்கியைப் பிடிக்க வந்தபோது நடந்தது அந்த அறிக்கையில் இருக்கிறது.

கரிகோ 2021இலிருந்து செகெட்டில் பேராசிரியர். பரிசுப் பணத்தில் தன் பங்கை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

அவருடைய அம்மாவைப் பற்றி அவர் சொன்ன ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் நோபல் பரிசு அறிவிக்கும்போது அம்மா வானொலியைக் கேட்பாராம். உன் பெயரைச் சொல்வார்கள் என்று பார்த்தேன் என்பாராம். மகள் அப்போது பேராசிரியர்கூட இல்லை. அம்மா, நான் ஒரு நிதிகூட வாங்கியதில்லை என்று சிரிப்பாராம். நீ எவ்வளவு கஷ்டப்பட்டு வேலை செய்கிறாய் என்பாராம் அம்மா. எல்லா விஞ்ஞானிகளும் அப்படித்தான் அம்மா என்பாராம் மகள். 2018இல் அம்மா இறந்துபோனார். 2023 அக்டோபர் 2 அதிகாலை ஸ்டாக்ஹோமிலிருந்து தொலைபேசி வந்தபோது எடுத்தவர் கணவர் பேலா. யாரோ விளையாடுகிறார்கள் என்று கரிகோ நினைத்தார்.